வேலி தாண்டும் விதை
(அறிவு வளர்ப்போம் - பாடம்)



சேமலாப நிதி, பிள்ளைகளின் போஷாக்கு, குடிதண்ணீர் என்று நம் வீட்டோடு சம்பந்தப்பட்ட விஷயங்களைத்தான் வழமையாக இந்தப் பகுதியில் பேசுவோம். இம்முறை எடுத்துக்கொண்ட விஷயம் கேட்பதற்குத் தூரத்து விஷயம் மாதிரி இருக்கும். மரபணு மாற்றிய பயிர்களைப் பற்றி அயல்நாடுகள் தங்களுக்குள் எப்படி விதிமுறைகளைப் பொருத்திக்கொள்கின்றன என்பதுதான் அது. நிதானமாக வாசியுங்கள். நம் லயத்துக்குப் பின்னால் உள்ள கத்தரிப் பாத்திக்கும், நாம் பறிக்கும் கொழுந்துக்கும் இதில் சம்பந்தம் இருக்கிறது என்பது விளங்கும்.

கொப்புள நோய் தந்த பாடம்

தேயிலைக் கொழுந்தில் வரும் கொப்புள நோயை அறியாதவர் நம்மில் யாரும் இல்லை. மழை மாதம் வந்தால் மருந்து தெளிக்கும் வேலை தொடங்கிவிடும். இந்த நோய் ஆதியில் இலங்கையில் இருந்ததே கிடையாது. இந்தியாவின் வடகிழக்கிலே, அசாம் பக்கத்தில், 1868ஆம் ஆண்டிலிருந்தே அது அறியப்பட்டிருந்தது. 1946ஆம் ஆண்டில் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் தலைகாட்டியது. நோயைக் கொண்டுவருவது கண்ணுக்குத் தெரியாத பூஞ்சண வித்துக்கள். அவை காற்றிலேயே போகும். அவற்றுக்குக் கடவுச்சீட்டும் வேண்டாம், விசாவும் வேண்டாம்.

செடி கொடிக்கும், பூச்சிக்கும், மகரந்தத்துக்கும் நாட்டு எல்லை தெரியாது. மனிதன் தன் பையிலே போட்டுக்கொண்டு போகும் விதைக்கும் அப்படித்தான். ஆனால் சட்டம் எல்லையோடு நின்றுவிடும். இந்த இரண்டுக்கும் இடையில் உள்ள பொருத்தக் குறைதான் இன்றைய பாடம்.

மரபணு மாற்றம் என்றால் என்ன?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நாற்றுமேடையில் ஒரு நல்ல தாய்ச் செடியிலிருந்து இலையோடு துண்டு வெட்டி, பையில் ஊன்றி வளர்க்கிறோமே, வீ.பி. தேயிலை, அது மரபணு மாற்றம் அல்ல. ஒரே செடியைப் பல செடியாக்குவது மட்டும்தான். நுவரெலியாப் பக்கம் கோவாவுக்கும் கரட்டுக்கும் வாங்கும் கலப்பின விதையும் மரபணு மாற்றம் அல்ல. அது ஒரே இனத்துக்குள் இரண்டு வகைகளைச் சேர்த்து எடுப்பது. மரபணு மாற்றிய தேயிலை உலகத்தில் எங்கேயும் வியாபாரத்துக்காகப் பயிரிடப்படவில்லை என்பதையும் ஞாபகத்தில் வையுங்கள்.

அப்படியென்றால் மரபணு மாற்றம் எது? ஒவ்வொரு உயிருக்குள்ளும் அது எப்படி வளர வேண்டும், எப்படிக் காய்க்க வேண்டும் என்று சொல்லும் குறிப்பு இருக்கிறது. அந்தக் குறிப்பின் ஒரு பகுதிதான் மரபணு. ஆய்வுகூடத்தில் ஓர் உயிரின் மரபணுவை எடுத்து, அதோடு இயற்கையில் சேரவே முடியாத வேறோர் உயிருக்குள் புகுத்துவதும் உண்டு. மண்ணில் வாழும் ஒரு வகைப் பக்டீரியா, புழுக்களின் குடலைக் கெடுக்கும் ஒரு புரதத்தை உண்டாக்குகிறது. அந்தப் புரதத்துக்கான மரபணுவைக் கத்தரிச் செடிக்குள் புகுத்தினால் செடியே அந்தப் புரதத்தை உண்டாக்கும். தண்டையும் காயையும் குடையும் புழு அதைத் தின்றால் செத்துவிடும். இதைத்தான் பீ.டீ. கத்தரி என்கிறார்கள். அந்தப் பக்டீரியாவின் பெயரில் உள்ள முதல் எழுத்துக்களே பீ.டீ.

ஒரு கத்தரிக்காய், இரண்டு தீர்ப்பு

கத்தரியில் காய்ப்புழு எவ்வளவு நாசம் செய்யும் என்பது பாத்தி போட்டவர்களுக்குத் தெரியும். இந்தியாவிலும் பங்களாதேஷிலும் விவசாயிகள் இதற்காக வாரத்துக்குப் பல தடவை மருந்தடிக்கிறார்கள். அந்த நஞ்சு அடிப்பவர் உடம்பிலும் சேர்கிறது, காயிலும் சேர்கிறது.

இந்தியாவில் ஒரு தனியார் விதைக் கம்பனி பீ.டீ. கத்தரியை உருவாக்கியது. கோயம்புத்தூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் தன் உள்ளூர்க் கத்தரி வகைகளில் இந்த மரபணுவைச் சேர்க்கும் வேலையில் ஈடுபட்டது. 2009 ஒக்டோபரில் இந்திய அரசின் மரபணுப் பொறியியல் அனுமதிக் குழு சரி என்று சொல்லியது. ஆனால் எதிர்ப்பு பலமாக இருந்தது. அப்போதைய சுற்றாடல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் 7 நகரங்களில் பொதுமக்களைக் கூட்டிக் கருத்துக் கேட்டார். பின்பு 2010 பெப்ரவரி 9ஆம் திகதி, இப்போதைக்கு வேண்டாம் என்று நிறுத்திவைத்தார். கத்தரி அதிகம் விளையும் மேற்கு வங்காளம், ஒரிசா, பீகார் போன்ற மாநில அரசுகளும் வேண்டாம் என்றே சொல்லியிருந்தன.

மேற்கு வங்காளத்தின் எல்லைக்கு அந்தப் பக்கம்தான் பங்களாதேஷ். அந்த நாடு 2013 ஒக்டோபர் 30ஆம் திகதி நான்கு பீ.டீ. கத்தரி வகைகளுக்கு அனுமதி கொடுத்தது. 2014 ஜனவரியில் 20 விவசாயிகளுக்கு நாற்றுக் கொடுத்துத் தொடங்கினார்கள். பிறகு அது பல ஆயிரம் விவசாயிகளிடம் பரவியது. மருந்துச் செலவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததென்று அங்கே நடந்த ஆய்வு சொல்கிறது.

இதை மாதர் சங்கக் கூட்டத்தில் விளக்கியபோது ஒரு அக்கா கேட்ட கேள்வி நல்ல கேள்வி: "ஐயா, ஒரே காய். இந்தப் பக்கம் கூடாதுங்கிறாங்க, அந்தப் பக்கம் சரிங்கிறாங்க. அப்ப யாரு ஐயா பொய் சொல்றது?"

யாரும் பொய் சொல்ல வேண்டியதில்லை. பரிசோதனைச் சாலை சொல்வது ஒரு பகுதி மட்டும். அதற்கு மேல் ஒவ்வொரு நாடும் வேறு சிலவற்றையும் நிறுத்துப் பார்க்கும். விதை யாருக்குச் சொந்தம்? பக்கத்திலே காட்டுக் கத்தரி இருக்கிறதா? மக்கள் என்ன சொல்கிறார்கள்? இப்போது அடிக்கிற நஞ்சு எவ்வளவு மோசம்? இப்படி நிறுக்கும்போது தராசு ஒரு நாட்டில் இப்படிச் சாயும், இன்னொரு நாட்டில் அப்படிச் சாயும். இதிலே தப்பில்லை. ஆனால் இரு நாட்டுக்கும் இடையில் 4,000 கிலோமீற்றருக்கு மேல் நில எல்லை இருக்கிறது. வயலும் வயலும் ஒட்டிக் கிடக்கின்றன. அங்கேதான் சிக்கல்.

தனி நாட்டுச் சட்டம் ஏன் போதாது?

முதலாவது காரணம், விதை நடந்து போகும். தென்னமெரிக்காவில் ஆர்ஜென்டீனா 1996இல் களைநாசினிக்குத் தாக்குப்பிடிக்கும் சோயாவை அனுமதித்தது. பக்கத்து நாடான பிரேசிலில் 1998இல் நீதிமன்றம் அதைத் தடுத்தது. தடுத்து என்ன செய்ய? எல்லைக்கு அருகில் உள்ள ரியோ கிராண்டே டூ சூல் மாநில விவசாயிகள் களவாக விதையைக் கொண்டுவந்து போட்டார்கள். ஆர்ஜென்டீனாவின் உதைபந்தாட்ட வீரர் மரடோனாவின் பெயரையே அந்தச் சோயாவுக்கு வைத்துவிட்டார்கள்! 2003இல் விளைந்து கிடந்த பயிரை அழிக்க முடியாமல் அரசாங்கம் விற்பனைக்கு இடம் கொடுத்தது. 2005இல் புதிய சட்டமே வந்தது. அனுமதிப்பதா இல்லையா என்று நாடு யோசித்து முடிப்பதற்கு முன்பே விதை தீர்ப்புச் சொல்லிவிட்டது. இந்தியாவிலும் இப்படி உண்டு. பருத்தியில் பீ.டீ. வகைக்கு அனுமதி கிடைத்தது 2002 மார்ச்சில். 2001இலேயே குஜராத்தில் அனுமதியில்லாத பீ.டீ. பருத்தி வயல்களில் நின்றது. 2019இல் ஹரியானாவில் அனுமதியில்லாத பீ.டீ. கத்தரி கண்டுபிடிக்கப்பட்டு அழிக்கப்பட்டது.

இரண்டாவது காரணம், பூச்சி பழகிக்கொள்ளும். ஒரே நஞ்சைத் தொடர்ந்து தின்றால் அதைத் தாங்கும் புழுக்கள் மட்டும் மிஞ்சிப் பெருகும். இதைத் தடுக்க வயலின் ஓரங்களில் சாதாரணக் கத்தரியும் நட வேண்டும் என்பது விதி. அங்கே வளரும் சாதாரணப் புழுக்களின் அந்துகள் தாங்கும் புழுக்களின் அந்துகளோடு கூடினால் பழக்கம் சீக்கிரம் பரவாது. இந்தியாவில் பருத்தியின் இளஞ்சிவப்புக் காய்ப்புழு பீ.டீ.க்குப் பழகிவிட்டது. ஒரு நாட்டு விவசாயி ஓரச் செடி நடாமல் விட்டால் பழகிய பூச்சி பக்கத்து நாட்டுக்கும் பறக்கும். செய்தவன் ஒருவன், சுமப்பவன் இன்னொருவன்.

மூன்றாவது காரணம், பசி. 2002இல் ஆபிரிக்காவின் தென் பகுதியில் வறட்சியால் ஒரு கோடிக்கும் மேற்பட்ட மக்கள் உணவில்லாமல் தவித்தார்கள். அமெரிக்காவிலிருந்து உதவியாக வந்த சோளத்தில் மரபணு மாற்றியதும் கலந்திருந்தது. சாம்பியா நாடு வேண்டவே வேண்டாம் என்றது. சிம்பாப்வே, மொசாம்பிக் போன்ற நாடுகள் மாவாக அரைத்துக் கொடுத்தால் சரி என்றன. முழுச் சோளத்தைச் சாப்பிடலாம், முளைக்கவும் போடலாம். மாவு முளைக்காது. நல்ல யோசனைதான். ஆனால் பஞ்சத்தின் நடுவில், லொறிகள் எல்லையில் நிற்கும்போது நாட்டுக்கொரு விதியைப் பேசித் தீர்ப்பது எவ்வளவு கஷ்டம்! விதிமுறையை முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும் என்பதை அந்த நாடுகள் அப்போது கண்டுகொண்டன.

கார்த்தஜீனா உடன்படிக்கை

உலக நாடுகள் 2000ஆம் ஆண்டு ஜனவரியில் ஓர் உடன்படிக்கைக்கு வந்தன. கொலம்பியா நாட்டின் கார்த்தஜீனா நகரத்தின் பெயரால் அதை அழைக்கிறார்கள். 2003 செப்டெம்பர் 11ஆம் திகதி அமுலுக்கு வந்தது. இலங்கை 2004இல் சேர்ந்தது. இந்தியாவும் பங்களாதேஷும் அங்கத்துவ நாடுகள். அமெரிக்காவும் ஆர்ஜென்டீனாவும் சேரவில்லை. அதன் முக்கிய விதிகளைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

1. முன்னறிவித்தல். நடுவதற்கான மரபணு மாற்றிய விதையை முதல் தடவை இன்னொரு நாட்டுக்கு அனுப்பும் முன் எழுத்தில் அறிவிக்க வேண்டும். அந்த நாடு 90 நாளுக்குள் கடிதம் கிடைத்தது என்று பதில் சொல்ல வேண்டும். 270 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். பதில் வரவில்லை என்றால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது.

2. தகவல் களஞ்சியம். உணவுக்கோ தீவனத்துக்கோ உள்ள மரபணு மாற்றிய தானியத்தைத் தன் நாட்டில் ஒரு நாடு அனுமதித்தால் 15 நாளுக்குள் பொதுத் தகவல் களஞ்சியத்துக்கு அறிவிக்க வேண்டும். பக்கத்து நாடு அதைப் பார்த்துத் தன்னைத் தயார்படுத்திக்கொள்ளலாம்.

3. முன்னெச்சரிக்கை. தீமை முழுதாக நிரூபிக்கப்படவில்லை என்பதற்காக ஒரு நாடு கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. தேவையான தடுப்பைச் செய்யலாம்.

4. தவறிப் பரவினால். விதையோ செடியோ எல்லை தாண்டும் அபாயம் வந்தால் அயல்நாட்டுக்குத் தகவல் கொடுப்பது கட்டாயம். பக்கத்து லயத்தில் நெருப்புப் பிடித்தால் சத்தம் போடுவது போல.

5. நட்டத்துக்குப் பொறுப்பு. சேதம் நேர்ந்தால் யார் பொறுப்பு, யார் சரிசெய்ய வேண்டும் என்பதற்கு 2010இல் ஒரு துணை உடன்படிக்கை எழுதப்பட்டது. 2018 மார்ச் 5ஆம் திகதி அமுலுக்கு வந்தது.

பொருத்துவது வேறு, ஒன்றாக்குவது வேறு

விதிமுறையைப் பொருத்துவது என்றால் எல்லா நாடும் ஒரே தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று அர்த்தமில்லை. கொழுந்து நிறுக்கும் இடத்தை நினைத்துப் பாருங்கள். எல்லாருடைய கூடையும் ஒரே நிறை இருக்காது. ஆனால் தராசு ஒன்றாக இருக்க வேண்டும். படிக்கல் சரியாக இருக்க வேண்டும். ஒருவருக்கு ஒரு தராசு, இன்னொருவருக்கு வேறு தராசு என்றால் சண்டைதான் மிச்சம்.

இதைச் செய்து பார்த்த நாடுகள் உண்டு. கிழக்கு, தென் ஆபிரிக்க நாடுகளின் பொதுச் சந்தை அமைப்பு 2014இல் ஒரு கொள்கையை ஏற்றது. ஒரு பயிரின் ஆபத்தைப் பிராந்திய மட்டத்தில் நிபுணர்கள் சேர்ந்து ஒரே தடவை மதிப்பிடுவார்கள். அந்த அறிக்கையை வைத்துப் பயிரிடுவதா இல்லையா என்ற கடைசி முடிவை ஒவ்வொரு நாடும் தானே எடுக்கும். சிறிய நாடு ஒவ்வொன்றும் தனித்தனியே ஆய்வுகூடம் கட்டி, நிபுணர் தேடி, அதே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியதில்லை.

ஐரோப்பாவில் பரிசோதனையும் அனுமதியும் பொது. ஆனால் 2015இல் கொண்டுவந்த திருத்தத்தின்படி ஒரு நாடு தன் மண்ணில் பயிரிட வேண்டாம் என்று விலகலாம். ஸ்பெயினில் பீ.டீ. சோளம் விளைகிறது. அடுத்துள்ள பிரான்சில் விளைவதில்லை. ஆகவே இன்னொரு விதியும் வைத்தார்கள். பயிரிடும் நாடு, பயிரிடாத அயல்நாட்டுக்குள் கலப்பு ஏற்படாமல் எல்லைப் பகுதிகளில் நடவடிக்கை எடுக்க வேண்டும். இது 2017 ஏப்ரல் மாதத்திலிருந்து கட்டாயம். வேலி போடும் பொறுப்பு மாடு வளர்ப்பவனுக்குத்தான் என்று நம் ஊரில் சொல்வதும் இதே நியாயம்தான்.

நம் தென்னாசியாவில் சார்க் அமைப்பு இருக்கிறது. 2011இல் விதை வங்கி அமைக்க ஓர் ஒப்பந்தமும் கைச்சாத்தானது. ஆனால் சார்க் நாடுகளின் தலைவர்கள் கடைசியாக மாநாட்டில் கூடியது 2014இல். அதற்குள் விஷயம் இன்னும் சிக்கலாகிவிட்டது. வெளி மரபணு எதையும் சேர்க்காமல் செடியின் சொந்த மரபணுவிலேயே சிறு திருத்தம் செய்யும் புதிய முறை வந்திருக்கிறது. 2022இல் இந்தியா அதில் சில வகைகளுக்குக் கடும் விதிகளிலிருந்து விலக்கு அளித்தது. ஒரு நாட்டில் சாதாரண விதை என்று போவது அடுத்த நாட்டில் மரபணு மாற்றிய விதை என்று நிறுத்தப்படலாம். சொல்லின் அர்த்தமே வேறுபட்டால் எந்தக் கடதாசியை வைத்து எல்லையில் பேசுவது?

இலங்கையின் அனுபவம்

2001இல் மரபணு மாற்றிய உணவுகளை முற்றாகத் தடை செய்ய நம் நாடு முடிவெடுத்தது. அமெரிக்கா முதலான ஏற்றுமதி நாடுகள் ஆட்சேபித்தன. தடை முதலில் தள்ளிப்போடப்பட்டது, பின்பு காலவரையின்றி நின்றுபோனது. சின்ன நாடு தனியாக நின்று போடும் விதிக்கு எவ்வளவு பலம் இருக்கும் என்பதை இது காட்டியது. அதன் பிறகு முழுத் தடை என்ற வழியை விட்டு, அனுமதியும் சுட்டுத்துண்டும் என்ற வழிக்கு வந்தோம். உணவுச் சட்டத்தின் கீழ் 2006இல் செய்த ஒழுங்குவிதிகள் 2007இலிருந்து நடைமுறையில் உள்ளன. அவற்றின்படி மரபணு மாற்றிய உணவை அனுமதியில்லாமல் இறக்குமதி செய்யவோ விற்கவோ கூடாது. அனுமதித்ததும் சுட்டுத்துண்டில் குறிப்பிடப்பட வேண்டும்.

இதிலும் நாட்டுக்கு நாடு அளவு வேறு. ஒரு உணவுப் பொருளில் தவறிக் கலந்த அளவு நூற்றுக்கு 0.9க்கு மேல் போனால் ஐரோப்பாவில் சுட்டுத்துண்டு வேண்டும். ஜப்பானில் 5 வரை விட்டுவிடுவார்கள். ஒரே கப்பலில் வந்த சோயாவுக்கு இரண்டு துறைமுகத்தில் இரண்டு பெயர்!

நமக்கு இதில் என்ன?

"நமக்குப் பெரட்டும் பேரும்தான் கவலை, இதெல்லாம் எதுக்கு?" என்று சிலர் நினைக்கலாம். 2017 டிசம்பரை நினைத்துப் பாருங்கள். இலங்கையிலிருந்து போன ஒரு தேயிலைப் பொதியில் ஒரு வண்டு இருந்ததென்று ரஷ்யா நம் தேயிலையையே நிறுத்தியது. கொழும்பிலிருந்து ஆட்கள் போய்ப் பேசி மாத முடிவில்தான் அந்தத் தடை நீங்கியது. அது மரபணு விஷயம் அல்ல. ஆனால் ஒரு நாட்டின் எல்லையில் எடுக்கும் முடிவு நம் அடுப்பை எப்படித் தொடும் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் வேண்டாம். நமது தேயிலை பல நாட்டு விதிகளுக்குள் நுழைந்து வெளியே வர வேண்டியிருக்கிறது. விதிகள் முன்கூட்டிப் பேசிப் பொருத்தப்பட்டிருந்தால் தொழிலாளிக்கே லாபம்.

அடுத்தது நம் பாத்தி. சாஸ்திரி - ஸ்ரீமா ஒப்பந்தத்துக்குப் பிறகு நம் சொந்தக்காரர் பலர் நீலகிரி, கூடலூர்ப் பக்கம் போய்விட்டார்கள். கலியாணம் காட்சிக்குப் போய் வருகிறவர்கள் "மாமா கொடுத்த விதை" என்று பையில் போட்டுக்கொண்டு வருவது வழக்கம். அன்போடு கொடுத்ததுதான். ஆனாலும் 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அனுமதியில்லாமல் விதையோ நாற்றோ நாட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. அந்த விதையில் நோய் இருக்கலாம், பூச்சி முட்டை இருக்கலாம். எந்த வகை என்று கொடுத்தவருக்கே தெரியாமலும் இருக்கலாம். நாம் கறிக்கு எடுக்கும் எலபட்டு கத்தரியின் நெருங்கிய சொந்தம். தேனீ ஒன்றின் மகரந்தத்தை மற்றதில் சேர்த்தால் இரண்டும் கலக்கும். பாத்தியில் வந்தது வேலியோரச் செடிக்கும் போய்விட்டால் திரும்ப எடுக்க ஆளில்லை.

ஆகவே வீட்டில் செய்யக்கூடியவை:

- வெளிநாட்டிலிருந்து விதை, நாற்று, தண்டு எதையும் பையில் கொண்டுவர வேண்டாம். வேண்டுமென்றால் விவசாயத் திணைக்களத்தின் அனுமதியை முதலில் கேளுங்கள்.
- விதைப் பைக்கற்றில் வகையின் பெயரும் திகதியும் இருக்கிறதா என்று பாருங்கள். பெயரில்லாத விதையை மலிவு என்று வாங்காதீர்கள்.
- சோயா மீற், சோளமா வாங்கும்போது சுட்டுத்துண்டை வாசியுங்கள். பெரியவர்களுக்குப் பிள்ளைகள் வாசித்துக் காட்டலாம்.
- சந்தேகம் வந்தால் பகுதி விவசாயப் போதனாசிரியரிடமோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ கேளுங்கள். கேட்பது நமது உரிமை.
- மரபணு மாற்றியதென்றாலே விஷம் என்று பயப்படவும் வேண்டாம், அதிசயம் என்று மயங்கவும் வேண்டாம். என்ன பயிர், யார் பரிசோதித்தார்கள், விதை யார் கையில், கெட்டுப்போனால் யார் பொறுப்பு என்று கேட்டுப் பழகுவோம்.

கூடிப் பேசுவதற்குச் சில கேள்விகள்

பிரஜா நிலையத்திலோ மாதர் சங்கத்திலோ வாசிப்பு வட்டத்திலோ இவற்றை எடுத்துப் பேசுங்கள்.

1. வீ.பி. தேயிலைக்கும் மரபணு மாற்றிய பயிருக்கும் என்ன வித்தியாசம்?
2. 2002இல் முழுச் சோளத்தை மறுத்த நாடுகள் சோளமாவை ஏற்றது ஏன்?
3. இந்தியாவும் பங்களாதேஷும் கத்தரி விஷயத்தில் வேறு வேறு முடிவெடுத்தன. அப்படியிருந்தும் இரு நாடுகளும் எந்தெந்த விதிகளில் ஒத்துப்போகலாம்?
4. எல்லைப் பகுதியில் கலப்பைத் தடுக்கும் செலவை யார் ஏற்க வேண்டும்? பயிரிடுபவரா, பயிரிடாதவரா?
5. நம் பாத்தியில் உள்ள விதைகள் எங்கிருந்து வந்தவை? வீட்டுக்கு வீடு ஒரு பட்டியல் எழுதிப் பாருங்கள்.

ஐந்தாவது கேள்விக்கான பட்டியலை உங்கள் தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தரிடம் கொடுத்தால், நம் பகுதியில் வழிவழியாக வரும் கத்தரி, அவரை, பீர்க்கு வகைகளைப் பற்றி அடுத்த இதழ்களில் எழுதலாம்.